அரை இஞ்ச் பார்த்துச் சொன்ன அஞ்சலை அக்காவுக்கு

என் அருமை அக்கா,

நீ போய் ஒரு வருஷமும் சில நாட்களும் ஆகின்றன. இத்தனை நாளும் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. மனசுக்குள் பேசிக்கொண்டேதானே இருந்தேன். போன வாரம் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். என் ஆராய்ச்சி வாழ்க்கையைப் பற்றி மாணவர்களிடம் பேச வேண்டுமாம். மேடையில் அறிமுகம் செய்ய வசதியாக ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள்.

உட்கார்ந்து எழுதினேன். டாக்டர் எழில், சொந்த ஊர் வளவனூர். விழுப்புரத்தில் விலங்கியல், சென்னையில் உயிர்வேதியியல், பிறகு முனைவர் பட்டம், வெளிநாட்டில் ஆறு வருஷம். வளர்ச்சி ஹார்மோன் பற்றியும், இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணிகள் பற்றியும் கால் நூற்றாண்டு ஆய்வு. திரும்பப் படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அதில் நீ இல்லை. நீ இல்லாமல் அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட நடந்திருக்காதே, அக்கா. அதை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுத ஆரம்பித்தேன். மற்றவர்களும் படிக்கட்டும், பரவாயில்லை.

உன்னைத் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ எனக்கு மூன்று வயது மூத்தவள். உன் உயரம் நாலடிக்கு மூன்று இஞ்ச் குறைவு. ஐம்பது வயதிலும் அவ்வளவுதான். நாம் இருவரும் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் உன்னைப் பார்த்துவிட்டு அரை டிக்கெட் கிழிக்கப் போவார். நீ நிமிர்ந்து, "எனக்கும் பாப்பாவுக்கும் ரெண்டு முழு டிக்கெட் குடுங்க" என்பாய். எந்தப் பாப்பா என்று அவர் சுற்றிலும் தேடுவார். ஐந்தரை அடி உயரத்தில் நின்றுகொண்டிருக்கும் என்னைக் காட்டுவாய்.

சின்ன வயதில் உன் உயரத்தைவிட உன் மயக்கம்தான் அம்மாவை அதிகம் பயமுறுத்தியது. காலையில் எழுந்து நாலு எட்டு வைப்பதற்குள் உனக்கு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், அப்படியே சாய்ந்துவிடுவாய். அம்மா ஓடிவந்து உன் வாயில் வெல்லத்தைத் திணிப்பாள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடுகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்? வேப்பிலை அடித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள்.

நான் இரண்டாம் வகுப்புப் போகும்போது உன்னைத் தாண்டி வளர்ந்துவிட்டேன். வழக்கமாக அக்காவின் பழைய பாவாடை தங்கைக்கு வரும். அந்த வருஷம் என் பாவாடை உனக்குப் போனது. நீ அழவில்லை. நேராக அப்பாவிடம் போய் நின்றாய். "எனக்கு இன்னா ஆச்சுன்னு கேக்கணும்பா. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ." உனக்கு அப்போது பத்து வயது.

நிலத்தில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கி முடித்ததும் அப்பா கூட்டிப்போனார். விழுப்புரத்து டாக்டர் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ரத்தம் எடுத்தார்கள். வளர்ச்சி ஹார்மோன் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்த டாக்டருக்கு ஆச்சரியம். உன் ரத்தத்தில் அது தேவைக்கு மேலேயே இருந்தது. "ஹார்மோன் நிறைய இருக்குது, ஊசி எதுவும் வேணாம், போகப்போக வளந்துடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அக்கா. அன்றைக்கு அவர் கையில் இருந்த பரிசோதனை அவ்வளவுதான் சொல்லும்.

அம்மா அன்று பாயசம் வைத்தாள். எல்லோரும் சந்தோஷமாகக் குடித்தோம். நீ மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாய். "எனக்கு நெறைய இருக்குதாமே பாப்பா. அப்புறம் அது எங்க போவுது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு முப்பது வருஷம் ஆனது.

நீ பத்தாவதோடு நிறுத்திக்கொண்டாய். விழுப்புரத்தில் ஒரு தையல் பள்ளியில் சேர்ந்தாய். மிஷினின் மிதிபலகைக்குக் கால் எட்டவில்லை என்று அதன் மேல் ஒரு மரக்கட்டையைக் கட்டிக்கொண்டு மிதித்தாய். கடை போடும் நேரம் வந்தபோது வளவனூர் வேண்டாம், விழுப்புரமும் வேண்டாம், திண்டிவனம்தான் என்று பிடிவாதம். அம்மா காரணம் கேட்டாள். "இங்க எல்லாரும் என்ன சின்ன வயசுலேந்து பாத்துக்கினு இருக்காங்கம்மா. பாக்கும்போதே 'பாவம்'னு மூஞ்சில எழுதியிருக்கும். அங்க போனா நான் டெய்லரு, அவ்ளோதான்."

அப்படியே நடந்தது. பள்ளிக்கூடச் சீருடை என்றால் அஞ்சலை டெய்லர் என்று ஆயிற்று. துணி வெட்டும் மேசையை உன் உயரத்துக்கு அடித்து வைத்தாய். உன்னிடம் வேலைக்குச் சேர்ந்த கலா முதல் வாரமே முதுகு வலிக்கிறது என்று முனகினாள். "நான் ஊர் பூரா எட்டி எட்டிப் பாத்துக்கினு இருக்கேன், நீ என் கடையில கொஞ்சம் குனிஞ்சா இன்னா?" என்றாய். அவளும் சிரித்துவிட்டாள். பிறகு அவளுக்குத் தனியாக ஒரு மேசை செய்து கொடுத்தாய்.

நான் சென்னையில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நூலகத்தில் வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகை ஒன்றைப் புரட்டும்போது ஒரு சிறுமியின் படம் கண்ணில் பட்டது. கண்களின் மேல் கருப்புப் பட்டை போட்டிருந்தார்கள். ஆனாலும் அந்த நெற்றியும் அந்தக் குட்டிக் கைகளும் நீதான், அக்கா. ஏதோ ஒரு தேசத்துப் பிள்ளை உன்னைப் போலவே நின்றுகொண்டிருந்தது. கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். வளர்ச்சி ஹார்மோன் மிக அதிகம், வளர்ச்சி இல்லை. நூலகத்தில் நின்றபடியே அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் யாரோ இறந்துவிட்டதாக நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அன்றிலிருந்துதான் என் வேலை தொடங்கியது. எலும்பின் முனையில் இருக்கும் குருத்தெலும்பின் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தேன். எந்த வேதிப்பொருளைக் கொடுத்தால் அவை பெருகுகின்றன, எதைக் கொடுத்தால் சும்மா இருக்கின்றன என்று வருஷக்கணக்காகப் பார்த்தேன். பல மாதங்கள் வீணாயின. தட்டுகளில் பூஞ்சை பிடித்தது. ஒரு முறை ஆறு மாத வேலையைக் குப்பையில் கொட்டிவிட்டு உனக்குப் போன் பண்ணினேன். "வெட்டின துணி பாழாப் போனா இன்னா பண்றது? வேற துணி எடுத்து வெட்டுறதுதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்து சென்னையில் எனக்கென்று ஒரு ஆய்வகம் கிடைத்ததும் முதலில் உன் கடைக்குத்தான் வந்தேன். "ரத்தம் எடுத்துக்கட்டுமா அக்கா?" என்றேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இடது கையை நீட்டினாய். சில மாதங்களில் பதில் கிடைத்தது. மூளையின் அடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே உயிரணுக்களின் மேல் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி ஒன்று இருக்கிறது. வாங்கிக்கொண்டதும் கல்லீரல் இன்னொரு பொருளைச் செய்து அனுப்பும். அதுதான் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி. எலும்பை வளரச் சொல்வதில் பெரும்பங்கு அதற்குத்தான். உனக்கு அந்த ஏற்பி பிறவியிலேயே பழுது. அம்மா வழியாக ஒன்று, அப்பா வழியாக ஒன்று என்று பழுதான மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்திருந்தது.

நான் படம் போட்டு விளக்கினேன். நீ கேட்டுவிட்டு உன் பாணியில் சொன்னாய். "அதாவது அளவு எழுதின சீட்டு வந்துக்கினே இருக்குது. ஆனா வெட்டுறவன் அத வாங்கல. அதனால துணியே வெட்டல. அப்டித்தான?" அதற்குப் பிறகு எத்தனையோ வகுப்புகளில் நான் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

"அந்த ரெண்டாவது பொருள ஊசியா போட முடியாதா?" என்று கேட்டாய். போடலாம், அதற்கு மருந்து இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டால் வளர்கிறார்கள் என்றேன்.

"எனக்கு இப்ப போட்டா?"

உலகத்தில் அந்த மருந்து வருவதற்குள் உன் எலும்பு முனைகள் மூடிவிட்டன என்று சொல்ல வேண்டியிருந்தது. நீ தலையை ஆட்டினாய். மிஷினைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "சரி, அந்த நீல நூல்கண்ட எடு" என்றாய். நான் எடுத்துக் கொடுத்தேன். அந்த ஒரு நிமிஷம் உன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டுமா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாம். ஆனால் அதை மறைத்தால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தம் இல்லை.

புதுச்சேரியில் ஒரு மருத்துவ மாநாடு. அதில் உன்னைப் பற்றிய ஆய்வை நான் பேச வேண்டியிருந்தது. அம்மா பேச்சுவாக்கில் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாமல் நீ கடையை மூடிவிட்டு, பச்சைப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பஸ் பிடித்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். தங்கை மேடையில் பேசுவதைப் பார்க்க வந்திருந்தாய்.

நான் திரையில் உன் படத்தைப் போட்டேன். உன் கடைச் சுவர் ஓரம், அளவுகோலுக்குப் பக்கத்தில் நீ நிற்கும் படம். ஆராய்ச்சிக்கு என்று சொல்லி எடுத்தது. கண்ணுக்கு மேல் கருப்புப் பட்டை. "நோயாளி, பெண், வயது நாற்பத்தேழு" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து, இந்த நோயாளியின் அறிவு வளர்ச்சி எப்படி என்று கேட்டார். "நார்மல்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன். அப்போதுதான் பின்னால் கதவு திறந்து மூடியது. பச்சை நிறம் கண்ணில் பட்டது.

சாயங்காலமே திண்டிவனம் வந்தேன். நீ சட்டைப் பொத்தானுக்குக் காஜா தைத்துக்கொண்டிருந்தாய். நிமிரவில்லை.

"கண்ண மறைச்சுட்டா நான் யாருன்னு தெரியாதா? அந்த ஜாக்கெட்டு நான் தச்சது, எனக்குத் தெரியாதா?"

"அக்கா, பேர் சொல்லக் கூடாதுன்னு விதி இருக்குதுக்கா."

"பேரு சொன்னா தப்பு, படத்த அம்மாம் பெருசா மாட்டினா தப்பில்ல. நல்ல விதிதான். நான் ஒழுங்கா இருக்கேனா, அரைகுறையான்னு ஒருத்தன் கேக்கறான். நீ மைக்ல பதில் சொல்ற. இது என் அக்கா, கடை வச்சிருக்குது, மூணு பேருக்கு வேலை குடுக்குதுன்னு சொல்ல உனக்கு வாய் வர்ல இல்ல?"

எனக்கு வாய் வரவில்லைதான். அந்த அரங்கில் நான் விஞ்ஞானியாக மட்டும் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வளவனூரில் உன்னைப் பார்த்துப் பாவம் என்ற முகங்களிலிருந்து தப்பி நீ கட்டிய வாழ்க்கையை, ஒரே படத்தில் அந்த முகங்களுக்கு முன்னால் திரும்பக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். அன்றே அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்காமல், விதி, அனுமதி, கையெழுத்து என்று என்னென்னவோ பேசினேன். "போய்ட்டு வா" என்றாய். பதினாலு மாசம் நாம் பேசிக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு அம்மா வீட்டில் சந்தித்தபோதுகூட நீ அம்மாவிடம், "அவளுக்குச் சோறு போடு" என்றுதான் சொன்னாய்.

அப்புறம் ஒரு ஜூன் மாசம் காலையில் என் போனில் உன் பேர் வந்தது.

"உன் மேல கோவம் அப்டியேதான் இருக்குது. அது வேற. இப்ப ஒரு பொண்ணப் பத்திப் பேசணும், இது வேற."

சீருடை தைக்க வரும் ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் எழுதி, அதன் கீழே வருஷா வருஷம் அளவைக் குறித்து வைப்பது உன் பழக்கம். ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிவந்திருந்தாள். மகளின் பேர் யாழினி, முதல் வகுப்பு. நீ பழைய அளவைப் புரட்டிப் பார்த்திருக்கிறாய். "எல்கேஜிலேந்து தச்சுக் குடுக்கறேன் பாப்பா. மூணு வருஷத்துல பாவாட நீளம் அர இஞ்ச்தான் ஏறியிருக்குது. போன வருஷம் வளர்ற பொண்ணாச்சேன்னு உள்ள மடிச்சு அடிச்சேன். அந்தத் தையல் பிரிக்கவே இல்ல. காலையில மயக்கம் வருதான்னு கேட்டேன். ஆமாங்கறாங்க. நீ வர்றியா?"

அன்று மதியமே வந்தேன்.

யாழினியின் அம்மா தேவகிக்கு மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பம். கணவர் ஏழுமலை அவளுக்குத் தாய்மாமன் மகன், கடலுக்குப் போகிறவர். மகளின் படிப்புக்காகத் தேவகி திண்டிவனத்தில் வீடு எடுத்திருந்தாள். நான் விளக்க விளக்க அவள் என்னைப் பார்க்கவே இல்லை. உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டுவிட்டாள். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. எம் பொண்ணு உங்கள மாதிரி ஆயிடுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீயே பதில் சொன்னாய்.

"ஆனா இன்னாம்மா? கடை வைக்கும், சம்பாரிக்கும், கோவம் வந்தா தங்கச்சிகிட்ட பேசாம இருக்கும். நல்லாத்தான் இருக்கும். ஆனா பஸ்ல கம்பி எட்டாது. பேங்க்ல கவுன்டருக்கு மேல மூஞ்சி தெரியாது. எட்டினா நல்லா இருக்கும் இல்ல? அதுக்கு வழி இருக்குதுன்னு இவ சொல்றா. எனக்குச் சொல்ல அப்ப யாரும் இல்ல."

தேவகி மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தாள். குழந்தைகளின் ஹார்மோன் குறைகளைப் பார்க்கும் ஒரு டாக்டர் எனக்குத் தெரிந்தவர். அவரிடம் சேர்த்தோம். பரிசோதனை முடிவு உன்னுடையதைப் போலவே இருந்தது. வளர்ச்சி ஹார்மோன் நிறைய, வளர்ச்சிக் காரணி துளியளவு.

அந்த முடிவைச் சொல்ல வந்த அன்று கடை வாசலில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். விதியைப் பற்றி எதுவும் பேசவில்லை. "நான் செஞ்சது தப்புக்கா. உன்ன அக்கான்னு சொல்ல எனக்கு அன்னைக்கு வெக்கமா இருந்துச்சு. இப்ப அத நெனச்சாத்தான் வெக்கமா இருக்குது" என்றேன். நீ கத்தரிக்கோலைக் கீழே வைத்தாய். "அந்தப் படத்த எடுத்துடு" என்றாய். எடுத்துவிட்டேன் அக்கா. அச்சுக்குப் போகவிருந்த கட்டுரையிலிருந்தும், என் கணினியிலிருந்தும் நீக்கினேன், மாநாட்டுக்காரர்களிடம் இருந்ததையும் எழுதிக் கேட்டு நீக்க வைத்தேன். "டீ குடிக்கிறியா?" என்று கேட்டாய். அவ்வளவுதான் உன் மன்னிப்பு.

மருந்து நம் நாட்டில் எளிதாகக் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கக் கடிதம் மேல் கடிதம் எழுதி, அனுமதிகள் வாங்கி, ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. வாரா வாரம் நீ போன் பண்ணுவாய். "வந்துச்சா?" "இன்னும் இல்லக்கா." "ஜல்தி பண்ணு பாப்பா. எலும்பு மூடிக்கினா அப்புறம் நீ எம்மாம் எழுதி இன்னா?" எத்தனையோ மேலதிகாரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். உன்னைப் போல யாரும் என்னை விரட்டியதில்லை.

ஒரு டிசம்பரில் ஊசி போட ஆரம்பித்தார்கள். தினமும் இரண்டு வேளை. சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். யாழினி சாப்பிட ஒரு மணி நேரம் எடுப்பவள். நீ தினமும் கடை திறக்குமுன் அவர்கள் வீட்டுக்குப் போய், இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாயாம். "நீ சாப்புடற வரைக்கும் நான் கடை தெறக்க மாட்டேன். எத்தினி பேரு யூனிஃபார்ம் இல்லாம நிப்பாங்க பாத்துக்க" என்று மிரட்டுவாயாம். தேவகி சொல்லிச் சிரித்தாள்.

அப்படியும் ஒரு நாள் பள்ளியில் அவளுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் போட்டுவிட்டது. ஏழுமலை கடலிலிருந்து வந்த கையோடு ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டார். "பேஜாரா போச்சு, எம் பொண்ணு குட்டையாவே இருந்துட்டுப் போவட்டும், உசுரோட இருந்தா போதும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கே பயமாகத்தான் இருந்தது. டாக்டர் அளவைக் குறைத்துத் தருவதாகச் சொன்னார். ஆனாலும் ஏழுமலை சம்மதிக்கவில்லை.

நீதான் அவரிடம் பேசினாய். "தம்பி, எனக்கு எந்த ஊசியும் போடல. ஆனாலும் காலையில காலையில மயக்கம் வரும். ஊசிய நிறுத்திட்டா மயக்கம் நின்னுடும்னு நெனைக்காதீங்க. நீங்க கடலுக்குப் போறீங்க, போகும்போது காத்து பாத்துத்தான போறீங்க? அதே மாதிரி இதுவும் பாத்து, வெவரமா செய்யணும். ஸ்கூலு டீச்சர்கிட்ட நான் பேசறேன்." பேசினாய். டீச்சர் மேசையில் குளுக்கோஸ் டப்பா வந்து உட்கார்ந்தது. இரண்டு நாள் கழித்து ஊசி திரும்பத் தொடங்கியது.

மே மாசம் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது இதுதான். "பாப்பா, யாழினிக்குச் செருப்பு கடிக்குதாம். அளவெடுக்கணும், வா." அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். சீருடை சீசன், உன் கடையில் மலைபோலத் துணி. மூன்றாம் நாள் காலையில் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய். கலா ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்தொரு வயது.

ஏன் அன்றே கிளம்பி வரவில்லை நான்? இந்தக் கேள்வியை என்னிடம் நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னொன்றும் கேட்க வேண்டும். உனக்குக் கிடைக்காத மருந்தை இன்னொரு பிள்ளைக்குப் போட, தினமும் காலையில் போய் உட்கார்ந்தாயே, ஒரு நாளாவது உனக்கு வலித்ததா? கேட்டிருந்தால் "போடி" என்றிருப்பாய். கேட்டிருக்கலாம்.

சரி, உனக்குச் சேதி சொல்கிறேன்.

உன் காரியம் முடிந்த கையோடு யாழினியின் அளவை எடுத்தேன். ஐந்து மாசத்தில் ஒன்றரை இஞ்ச். வருஷம் முடிந்தபோது மூன்று இஞ்சுக்கு மேல். இந்த ஜூனில் கலா அவள் பாவாடையின் உள்மடிப்பைப் பிரித்து இறக்கினாள். அது போதவில்லை, புதிதாகவே தைக்க வேண்டியிருந்தது. கலா தையலைப் பிரித்துக்கொண்டே அழுதாள். யாழினிக்கு ஒன்றும் புரியாமல், "ஏன் ஆன்ட்டி, துணி வேஸ்ட்டாப் போச்சா?" என்று கேட்டாள்.

அவள் என் உயரத்துக்கு வரமாட்டாள், அக்கா. வகுப்பில் இன்னும் முதல் வரிசைதான். அதைத் தேவகியிடம் மறைக்கவில்லை. ஆனால் காலை மயக்கம் குறைந்துவிட்டது. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் நான்காவதாக வந்தாள். மூன்றாவது பரிசு தனக்குத்தான் வர வேண்டும் என்று டீச்சரிடம் சண்டை போட்டாளாம். யாருடைய பழக்கம் என்று தெரியவில்லை. ஏழுமலை இப்போது கரையில் இருக்கும் நாட்களில் தானே ஊசி போடுகிறார்.

அவளைப் பற்றிய எங்கள் கட்டுரை வெளிவந்துவிட்டது. அதில் படம் இல்லை. நன்றி சொல்லும் இடத்தில், இந்தச் சிறுமியின் குறையை முதலில் கண்டுபிடித்தவர் திண்டிவனத்துத் தையல் கலைஞர் அஞ்சலை, ஆசிரியர்களில் ஒருவரின் அக்கா என்று எழுதியிருக்கிறேன். பத்திரிகைக்காரர்கள் இது தேவையா என்று கேட்டார்கள். தேவை என்று பதில் போட்டேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அக்கான்னு போட்டிருக்குதா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

அதைவிடப் பெரிய சேதி இது. கலாவும் நானும் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் சீருடை தைப்பவர்களைப் போய்ப் பார்த்தோம். ஒரு பிள்ளையின் அளவு இரண்டு வருஷமாக ஏறவில்லை என்றால் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். இதுவரை சில பிள்ளைகளைப் பற்றிப் போன் வந்தது. பெரும்பாலும் சத்துக் குறைவு, தைராய்டு என்று சரிசெய்யக்கூடியவைதான். சரிசெய்துகொண்டும் இருக்கிறார்கள்.

இன்று காலை விழுப்புரம் பக்கத்துக் கெடாரிலிருந்து ஒரு டெய்லர் பேசினார். ஒன்பது வயதுப் பெண், பேர் செவ்வந்தி, மூன்று வருஷமாக ஒரே சட்டை போதுமானதாக இருக்கிறதாம். அவர்கள் வீட்டில் பயப்படுகிறார்களாம். சனிக்கிழமை போகிறேன். அடுத்த வாரம் என்று தள்ளிப்போட மாட்டேன். போனதும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேசுவேன். என்ன படிக்கிறாள், யாரோடு சண்டை என்று கேட்பேன். அதற்கப்புறம் அவள் சரி என்று சொன்னால்தான் டேப்பை எடுப்பேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு, அக்கா.

உன் கூடப் பிறந்தவள்,
உன் தங்கச்சி எழில்